பம்பர் பெயிண்ட் உரியாமல் இருக்க: வீட்டிலேயே ஸ்பிரே அடிக்க முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் என் ஸ்விஃப்ட் காரின் பின் பம்பருக்கு வீட்டிலேயே ஸ்பிரே அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் பட்டதும், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தோல் போல உரிந்து வந்தது. உரிந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. கலர், அதற்கு அடியில் அடிக்கும் பூச்சான பிரைமரை விடவில்லை. பிரைமர்தான் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு பல பம்பர்களும் பக்கவாட்டுக் கண்ணாடிகளின் மூடிகளும் அடித்துவிட்டேன். உறவினர்களும் நண்பர்களும் முதல் தடவை அடிக்கும்போது கூடவே நின்றிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தடுமாறியது கேனை அழுத்தும்போது அல்ல, அதற்கு முந்தைய வேலைகளில்தான். அதனால் இதில் கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கீறல் விழுந்து, அங்கங்கே பெயிண்ட் போன ஒரு பம்பரை ஸ்பிரே கேன் கொண்டு அடிப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை இரண்டு நாள். காய்வதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

1. என்ன பிளாஸ்டிக் என்று முதலில் பாருங்கள்

பாகத்தின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஓர் அச்சு இருக்கும். பெரும்பாலான பம்பர்களில் பிபி+ஈபிடிஎம்-டி20 என்பது போல எழுதியிருப்பார்கள். பாலிபுரொப்பிலீனும் ரப்பரும் கலந்து, அதில் 20 சதவீதம் டால்க் தூள் சேர்த்தது என்று அர்த்தம். கண்ணாடி மூடி, கிரில் போன்றவற்றில் பெரும்பாலும் ஏபிஎஸ் என்று இருக்கும், அது வேறொரு வகை பிளாஸ்டிக்.

இதைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். ஏபிஎஸ் மேல் சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் நன்றாக ஒட்டும். பாலிபுரொப்பிலீன் அப்படியல்ல. தாமரை இலையில் தண்ணீர் நிற்பது போல, அதன் மேல் பல திரவங்கள் பரவாமல் உருண்டு நிற்கப் பார்க்கும். பெயிண்டும் அப்படித்தான். பரவாத இடத்தில் அது பிடிக்காது.

ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பாலிபுரொப்பிலீன், மூழ்கினால் ஏபிஎஸ் என்று சொல்வார்கள். பம்பருக்கு அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். டால்க் கலந்திருப்பதால் பம்பர் பிளாஸ்டிக்கும் மூழ்கக்கூடும். அச்சு அழிந்து போயிருந்தால் அதைப் பாலிபுரொப்பிலீன் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அதனால் நஷ்டம் ஒரு கேனின் விலை மட்டும்தான்.

இன்னொன்று. முன் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும் புதிய கார் என்றால் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். பெயிண்டின் தடிமனும் அதில் உள்ள உலோகத் துகளும் ரேடாரைக் குழப்பும். தானாக பிரேக் பிடிக்கும் வசதி அதை நம்பித்தான் இருக்கிறது.

2. கலர் கோடும் வாங்க வேண்டியவையும்

"சில்வர் கலர்" என்று கேட்டு வாங்கினால் கண்டிப்பாகப் பொருந்தாது. எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டிலோ, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ கலர் கோடு இருக்கும். சுசூகியின் சில்கி சில்வர் என்றால் இசட்2எஸ், சுப்பீரியர் வெள்ளை என்றால் 26யூ. கலர் கலந்து தரும் சில கடைகளில் இந்தக் கோடைச் சொன்னால் கலந்து ஸ்பிரே கேனிலேயே நிரப்பித் தருவார்கள்.

ஒரு முழு பம்பருக்கு 400 மில்லி கேன்கள் என்ற கணக்கில் எனக்கு ஆவது இவ்வளவு: அட்ஹீஷன் புரமோட்டர் (பிளாஸ்டிக்கில் பிரைமர் பிடிக்க முதலில் அடிக்கும் ஒட்டுப் பூச்சு) 1, பிரைமர் 1, கலர் 2, கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) 2. கலரில் ஒன்று கூடுதலாக இருந்தால் நிம்மதி. பாதி பம்பரில் கேன் தீர்ந்து, மறுநாள் வேறு கலவையில் வாங்கி வந்தால் நடுவில் கோடு தெரியும்.

கடையில் அட்ஹீஷன் புரமோட்டரையும் பிளாஸ்டிக் பிரைமரையும் ஒன்றாகவே பேசுவார்கள். கேனின் மேல் பாலிபுரொப்பிலீன் அல்லது பிபி என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். எழுதியிருந்தால்தான் வாங்க வேண்டும். என் முதல் பம்பரில் நான் விட்ட படி இதுதான்.

இவை போக 400, 600, 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட், மாஸ்கிங் டேப், பாத்திரம் கழுவும் லிக்விட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நைட்ரைல் கையுறை, ரசாயன ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி வைத்த முகமூடி. துணி முகக்கவசம் பெயிண்ட் ஆவியைத் தடுக்காது. மறைப்பதற்குச் செய்தித்தாளைவிட, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் நல்லது. செய்தித்தாளில் பெயிண்ட் ஊறி அடியில் இறங்கிவிடும்.

3. நாளும் இடமும்

நம் ஊர் வெயிலில் பெயிண்ட் சீக்கிரம் காயும் என்று நினைத்து நடுப்பகலில் வெயிலில் வைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடான பிளாஸ்டிக்கில் பெயிண்டின் மேல்தோல் முதலில் காய்ந்துவிடும். உள்ளே மாட்டிய தின்னர் வெளியே வர வழி தேடிக் குட்டிக் குட்டிக் கொப்பளமாக வெடிக்கும். கை வைத்தால் சுடாத பாகத்தில்தான் அடிக்க வேண்டும்.

காலை 9 மணிக்கு மேல், பனியும் ஈரமும் விட்ட பிறகு, நிழலில் தொடங்குவதுதான் எனக்கு ஒத்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமானால் கிளியர் வெளுத்துப் பால் போலாகும். ஆடிக்காற்றில் மண் வந்து ஒட்டும். தை, மாசி நல்ல மாதங்கள். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் அடித்தால் பூச்சிகள் நேராக ஈரக் கிளியரில் வந்து உட்காரும்.

போர்டிகோ போதும். மூடிய அறை கூடாது. ஸ்பிரே கேனில் இருக்கும் வாயு எரியக்கூடியது. கொசுவத்தி, பூஜை விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு தரையில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், தூசி அடங்கும். தேங்கி நிற்கும்படி ஊற்றாதீர்கள்.

4. கழற்றுங்கள்

காரிலேயே வைத்து மறைத்து அடிக்கலாம்தான். ஆனால் விளிம்பில் பெயிண்ட் முடியும் இடத்திலிருந்துதான் உரிதல் தொடங்குகிறது. கழற்றினால் பெயிண்டை விளிம்பைத் தாண்டி உள்பக்கம் வரை கொண்டுபோகலாம்.

சக்கர வளைவுக்குள் இருக்கும் ஸ்குரூக்கள், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள், டிக்கிக்குள் இருக்கும் போல்ட்டுகள் என்ற வரிசையில் போங்கள். கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய கிளிப்புகள் உடையும், ஒரு டஜன் வாங்கி வைத்திருந்தால் நல்லது. பார்க்கிங் சென்சார், நம்பர் பிளேட், ரிஃப்ளெக்டர் எல்லாம் வெளியே வர வேண்டும்.

5. கழுவுதல்: தேய்ப்பதற்கு முன், மறுபடி பின்

இங்கேதான் வரிசை மாறிப்போகிறது. வந்தவுடன் வாட்டர் பேப்பரை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். அப்படித் தேய்த்தால் மேலே இருக்கும் மெழுகையும் பாலிஷையும் நாமே கீறலுக்குள் அழுத்தித் திணிக்கிறோம். பிறகு எத்தனை முறை துடைத்தாலும் அது வராது.

முதலில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவுங்கள். உள்பக்கச் சேறு முக்கியம். அதை விட்டுவிட்டால் ஸ்பிரேயின் காற்றே அதைக் கிளப்பி ஈரப் பெயிண்டில் போடும். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர போகாது.

பெட்ரோல் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு விட்டுப் போகும். என்சி தின்னரும் வேண்டாம், ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத் தண்ணீரை லேசாகத் தெளித்துப் பாருங்கள். பழைய பெயிண்ட் இருக்கும் இடத்தில் தண்ணீர் தாளாகப் பரவி நின்றால் சரி. திட்டுத்திட்டாக விலகினால் அங்கே இன்னும் மெழுகு இருக்கிறது. வெறும் பாலிபுரொப்பிலீன் தெரியும் இடத்தில் இந்தச் சோதனை செல்லாது, அது சுத்தமாக இருந்தாலும் தண்ணீரை விலக்கும்.

இதற்கு மேல் வெறுங்கையால் தொடாதீர்கள். என் மச்சான் அடித்த பம்பரில் கலர் விழுந்ததும் நான்கு வட்டக் குழிகள் வரிசையாக வந்தன, நான்கு விரல் அகலத்தில். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் பம்பரைத் தூக்கியிருந்தார். இப்படி வரும் குழியை மீன்கண் என்பார்கள். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் ஸ்பிரேக்களும் இதையே செய்யும். அவற்றில் இருக்கும் சிலிக்கான் காற்றில் மிதந்து வந்து உட்காரும். அந்த வாரம் அவற்றைப் பக்கத்தில் அடிக்காதீர்கள்.

6. தேய்த்தலும் பட்டியும்

கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை எடுக்காதீர்கள். தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்ட வைத்த அந்த அடுக்கைவிட நல்ல அடித்தளம் நமக்குக் கிடைக்காது. 600 நம்பரால் ஈரமாகத் தேய்த்துப் பளபளப்பு முழுவதும் போய் மங்கினால் போதும். பெயிண்ட் ரிமூவர் பக்கமே போக வேண்டாம், பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

பெயிண்ட் போன இடத்தின் ஓரத்தை 400, பிறகு 600 போட்டுச் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையுறை விரலால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் கிளியருக்குப் பிறகும் அது தெரியும்.

வெறும் பாலிபுரொப்பிலீனைக் கரடான தாளால் அழுத்தித் தேய்த்தால் தேங்காய் நார் மாதிரி மெல்லிய இழைகள் எழும்பும். மேலும் மேலும் தேய்த்தால் மேலும் எழும்பும். அங்கே சாம்பல் ஸ்காட்ச் பிரைட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்தாலே போதும்.

ஆழமான கீறலுக்குப் பட்டி பார்க்க வேண்டும் என்றால், தகரத்துக்குப் போடும் பட்டி கூடாது. பம்பர் வளையும், அந்தப் பட்டி வளையாது. ஒரு தட்டில் வெடித்துவிடும். பிளாஸ்டிக் பம்பருக்கென்று வளையும் பட்டி தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் மேல் போடுவதானால் அதற்கும் அடியில் புரமோட்டர் வேண்டுமா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மறுபடி சோப்புத் தண்ணீர், மறுபடி ஆல்கஹால். கடைசித் துடைப்பை ஈரத்துணியால் மெதுவாகச் செய்யுங்கள். காய்ந்த துணியால் வேகமாகத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, வீட்டுத் தூசி முழுவதையும் இழுத்துக்கொள்ளும்.

7. அட்ஹீஷன் புரமோட்டர்

காரில் இருக்கும் அதே நிலையில் பம்பரை நிறுத்துங்கள். மடக்கு ஏணியில் கட்டலாம், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் பைப் போட்டும் தொங்கவிடலாம். படுக்க வைத்து அடித்தால் மெட்டாலிக் துகள் வேறு விதமாகப் படியும், மாட்டிய பிறகு காரோடு நிறம் சேராது.

கேனுக்குள் குண்டு ஓடும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். இது எல்லாக் கேனுக்கும் பொருந்தும்.

வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்திலும் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்திலும் மெல்லிய ஓர் அடுக்கு. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் ஈரம் போல இருந்தால் போதும். இது மறைக்கும் பெயிண்ட் அல்ல, இரண்டு பக்கமும் பிடிக்கும் ஒட்டு. தடிமனாக அடித்தால் அந்த ஒட்டே மென்மையாக நின்று மேலே இருப்பதை வழுக்க வைக்கும்.

அடுத்த அடுக்கை எப்போது அடிக்க வேண்டும் என்பது கேனில் இருக்கும். சிலது 10 நிமிடம், சிலது அதற்கு மேல். அந்த நேரத்துக்குள் பிரைமர் போக வேண்டும். புரமோட்டரை அடித்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், முழுதாகக் காய்ந்தால் அதன் வேலை முடிந்துவிடும். பிரைமர் கேனை முன்கூட்டியே குலுக்கி வைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

8. பிரைமர்

20 முதல் 25 செ.மீ. தூரம். பம்பருக்கு வெளியே காற்றில் அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பாமல் தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். மணிக்கட்டு திரும்பினால் நடுவில் தடிமனும் ஓரத்தில் தூளும் விழும்.

மூன்று மெல்லிய அடுக்குகள், நடுவில் 10 நிமிடம். முதல் அடுக்கில் அடியில் இருப்பது தெரிய வேண்டும். ஒரே அடியில் மறைக்கப் பார்ப்பதால்தான் வழிகிறது.

பிரைமர் நன்றாகக் காய்ந்ததும் 800 நம்பரால் ஈரமாகத் தேயுங்கள். தேய்க்கும்போது எங்காவது கறுப்பாகப் பிளாஸ்டிக் தெரிந்துவிட்டால் அங்கே மட்டும் புரமோட்டரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நகம் அளவு இடம்தானே என்று விட்டுவிட மனசு சொல்லும். விடாதீர்கள், பிரஷர் தண்ணீர் அந்த நகம் அளவு இடத்தில்தான் நுழையும்.

9. கலர்

முதலில் ஓர் அட்டையில் கலரும் கிளியரும் அடித்துக் காயவைத்து, வெயிலில் காரின் பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கிளியர் இல்லாமல் பார்த்தால் எந்தக் கலரும் பொருந்தாதது போலத்தான் இருக்கும்.

மூன்று அல்லது நான்கு மெல்லிய அடுக்குகள். மெட்டாலிக் என்றால் கடைசி அடுக்கைச் சற்றுத் தூரத்திலிருந்து, 30 செ.மீ. போல, தூவலாக அடியுங்கள். துகள் ஒரே சீராக நிற்கும், திட்டு மறையும். மெட்டாலிக் கலரைத் தேய்க்கவே கூடாது. தேய்த்த இடத்தில் துகள் கீறிக் கருந்தழும்பு தெரியும். தூசி விழுந்தால் காயவிட்டு, அதை மட்டும் லேசாக எடுத்துவிட்டு, மேலே இன்னொரு அடுக்குக் கலர் அடியுங்கள்.

10. கிளியர் கோட்

இதில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். 1கே கிளியர் அப்படியே காயும். 2கே கிளியரில் ஹார்டனர் கலந்திருக்கும், கெட்டியாக நிற்கும், பெட்ரோல் பட்டாலும் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சுவாசித்தால் ஆஸ்துமா வரவழைக்கும் பொருள், அதன் வாசனையை வைத்து ஆபத்தை அறிய முடியாது. தொழில்முறையில் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போட்டு அடிப்பது இதனால்தான். குழந்தைகளும் பெரியவர்களும் நடமாடும் வீட்டு போர்டிகோவில் நான் 1கே மட்டுமே அடிக்கிறேன். உறுதி வேண்டும் என்பவர்கள் கலர் வரை வீட்டில் அடித்துவிட்டு, முன்கூட்டியே பேசி வைத்த பெயிண்டரிடம் கிளியருக்குக் கொடுக்கலாம்.

நேரக் கணக்கு இங்கே மிக முக்கியம். பல கேன்களில் "1 மணி நேரத்துக்குள் அல்லது 24 மணி நேரத்துக்குப் பின்" என்பது போல இருக்கும். நடுவில் அடித்தால் பாதி காய்ந்த அடி அடுக்கைப் புதிய தின்னர் ஊறவைத்து, உலர்ந்த திராட்சைத் தோல் போலச் சுருக்கிவிடும். சுருங்கினால் சரிசெய்ய வழியில்லை, காயவிட்டுத் தேய்த்து மறுபடிதான்.

முதல் அடுக்கு தூவலாக, பிடிமானத்துக்கு. 10 நிமிடம் கழித்து இரண்டாவது, மூன்றாவது அடுக்குகள் ஈரமாக. ஒரு விளக்கின் பிம்பத்தைப் பம்பரில் பார்த்துக்கொண்டே அடியுங்கள். பிம்பம் கலங்கலாக இருந்தால் கை வேகமாகப் போகிறது, ஆரஞ்சுப் பழத்தின் தோல் போல மேடுபள்ளமாக, அதாவது ஆரஞ்சுத் தோல் விழும். பிம்பம் தெளிந்த அந்த நொடியில் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். நின்றால் வழியும். வழிந்தால் கை வைக்காதீர்கள், துணியால் ஒற்றாதீர்கள். காய்ந்த பின் தேய்த்து எடுக்கலாம்.

11. காய்தல், சோதனை, மாட்டுதல்

24 மணி நேரம் தொடாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே மென்மையாக இருக்கும், விரல் ரேகை பதியும். ஆரஞ்சுத் தோலையும் வழிந்த இடத்தையும் ஒரு வாரம் கழித்து 1500, பிறகு 2000 நம்பரால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்குங்கள். கூர்மையான வளைவுகளில் அழுத்தாதீர்கள், கிளியர் அங்கேதான் மெல்லிசாக இருக்கும்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. காரில் மாட்டினால் மறைந்துபோகும் உள்விளிம்பில் பிளேடால் நெருக்கமாக ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு போடுங்கள். அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்பில் தூள் மட்டும் வந்தால் சரி. கட்டம் கட்டமாகப் பெயிண்ட் வந்தால், புரமோட்டரோ கழுவுதலோ தவறியிருக்கிறது. மேலே எத்தனை கிளியர் அடித்தாலும் அது நிற்காது. அந்த இடத்தை அடி வரை எடுத்துவிட்டு 5-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.

மாட்டும்போது விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பம்பரைக் காருக்குள் செருகும் அந்த ஓர் அங்குலத்தில்தான் புதுப் பெயிண்ட் உரசுகிறது. கூட ஒரு ஆள் பிடிக்கட்டும். சென்சார்களைத் திரும்ப வைத்து, ரிவர்ஸ் கியர் போட்டுப் பின்னால் ஒருவரை நிறுத்தி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வாரம் வாளித் தண்ணீர் மட்டும். மெழுகு பாலிஷ் ஒரு மாதத்துக்குப் பிறகு. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது பிரஷர் துப்பாக்கியை விளிம்பில் நேராகக் காட்ட வேண்டாம், ஒரு முழம் தள்ளியே பிடிக்கட்டும் என்று அங்கே இருக்கும் பையனிடம் சொல்லிவிடுங்கள்.